கேட்டறிந்து கொடுப்போம்

(நம் ஊர் சேவைச் சங்கத்தின் ஆண்டுத் திட்டக் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். ஜமாஅத்தார் பலருடைய வேண்டுகோளுக்கிணங்க இம்மலரில் இடம்பெறுகின்றது.)

 

ஜூலை முதல் தேதியில் தொடங்கி, மறு ஆண்டு ஜூன் 30ஆம் நாள் நிறைவடைவது சேவைச் சங்கங்களின் ஆண்டாகும். புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்பதற்கு முன்னரே ஆண்டு முழுமைக்குமான திட்டங்களையும் அவற்றுக்கு வேண்டிய நிதியையும் கூடிப் பேசி முடிவு செய்வது நல்ல மரபு. அம்மரபின்படி கூடியுள்ள இந்த அவைக்கு நம்மையும் அழைத்து, நமது கருத்தையும் கேட்க விழைந்த உங்கள் பெருந்தன்மைக்கு முதற்கண் நன்றி கூறுகின்றோம்.

உங்கள் திட்டப் பட்டியலை நமக்கு முன்கூட்டியே அனுப்பித் தந்தீர்கள். இலவசக் கண் சிகிச்சை முகாம், இரத்த தான முகாம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்குதல், இவற்றுக்கு நிதி திரட்ட அதிர்ஷ்டக் குலுக்கல் என நான்கு செய்திகள் அதில் உள்ளன. அந்நான்கையும் முன்வைத்து ஒரே ஒரு கருத்தை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். கொடுக்கத் தொடங்குமுன் பெறுபவரைக் கேட்க வேண்டும். கேட்டறியாமல் தீட்டிய திட்டம், எவ்வளவு பணம் செலவிட்டாலும், சேர வேண்டிய இடத்தைச் சென்று சேராது. இதுவே அக்கருத்து.

தெருவைப் பார்த்த கண்கள்

சேவைச் சங்கங்கள் தோன்றி வளர்ந்த வரலாறே இதற்குச் சான்றாகும். 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞரும் அவருடைய நண்பர்கள் மூவரும் ஓர் அலுவலக அறையில் கூடினர். உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்துச் சுழற்சியாகக் கூடி வந்தமையால் அச்சங்கத்திற்கு 'ரோட்டரி' என்னும் பெயர் வாய்த்தது. தொடக்கத்தில் அவர்களது நோக்கம் நட்பும், ஒருவர் தொழிலுக்கு மற்றவர் துணை நிற்பதுமேயாகும். தமக்குள் மட்டும் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த வரையில் அது தொழில் செய்வோரின் ஒரு கூட்டமாகவே இருந்தது. 1907ஆம் ஆண்டில்தான் அச்சங்கம் ஊரை நோக்கித் திரும்பியது. அவர்கள் எடுத்துக்கொண்ட முதற் பொதுப்பணி மணிக்கூண்டு அன்று, சிலையும் அன்று. நகர மன்றத்திற்கு அருகே பொதுமக்களுக்காக ஒரு கழிப்பறை வேண்டும் என்பதே அது! கடைவீதிக்கு வரும் ஆணும் பெண்ணும் படும் அவதியைக் கண்டார்கள். அதைத் தீர்க்க நகராட்சியையும் பிற அமைப்புகளையும் ஒன்று கூட்டினார்கள். புகைப்படம் எடுத்து மாட்டுவதற்கு அழகான பணியன்று அது. எனினும் தெருவில் நடப்பவர்களுக்கு அதுவே தேவையாக இருந்தது.

மற்றொரு செய்தியும் கேளுங்கள். 1917ஆம் ஆண்டு, காப்பீட்டுத் தொழில் செய்துவந்த மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் அதே சிகாகோவில் லயன்ஸ் இயக்கம் உருவாயிற்று. 1925ஆம் ஆண்டு அவ்வியக்கத்தின் மாநாட்டில், கண்ணும் செவியும் புலனிழந்த அம்மையார் ஹெலன் கெல்லர் தோன்றி, பார்வையற்றோருக்குத் துணை நிற்குமாறு வேண்டினார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1930இல், இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் லயன்ஸ் சங்கத் தலைவர் ஒருவர், பார்வையற்ற மனிதர் ஒருவர் கறுப்புத் தடியுடன் சாலையைக் கடக்க முடியாமல் தவிப்பதைக் கண்டார். வாகனம் ஓட்டுவோரின் கண்ணில் அந்தக் கறுப்புத் தடி படவில்லை. தடிக்கு வெள்ளை வண்ணம் பூசி, சிவப்புப் பட்டை ஒன்று தீட்டினால் என்ன என்று அவர் எண்ணினார். சங்கம் அவ்வாறே செய்தது. வெள்ளைத் தடி ஏந்தியவர் சாலையைக் கடக்கும்போது வழிவிட வேண்டும் என அந்நகரம் விதியும் இயற்றியது. அதற்கு ஆன செலவு ஒரு குவளை வண்ணம். ஆனால் அந்த எண்ணம் தோன்றுவதற்கு, பார்வையற்றவரின் இடத்தில் தம்மை வைத்துப் பார்க்கும் ஒரு மனம் வேண்டியிருந்தது.

பணம் இருந்தது, நம்பிக்கை இல்லை

இனி, நம் நாட்டில் நடந்த பெரும்பணி ஒன்றைச் சற்று விரிவாகக் கூற விழைகின்றோம். அதில் நம் சமுதாயத்திற்கும் ஆலிம்களுக்கும் பங்கு உண்டு என்பதால் இதை நம் ஜமாஅத்தார் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோவை உலகிலிருந்து ஒழிப்பதென ரோட்டரி இயக்கம் 1985ஆம் ஆண்டு உறுதி பூண்டது. 12 கோடி டாலர் திரட்டுவது என்று இலக்கு வைத்தார்கள். 1988க்குள் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு சேர்ந்தது. அதே 1988இல் உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் போலியோ ஒழிப்பைத் தம் பொது இலக்காக ஏற்றுக்கொண்டன. அப்போது 125க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,50,000 குழந்தைகள் முடமாகிக்கொண்டிருந்தனர். நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு முதல் நாடு தழுவிய சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. பணம் இருந்தது, மருந்து இருந்தது, ஊழியர்களும் இருந்தார்கள். எனினும் 2002ஆம் ஆண்டில் நாட்டில் 1,600 குழந்தைகளைப் போலியோ தாக்கியது. அவர்களில் பெரும்பான்மையோர் உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைகள். அவர்களிலும் நம் சமுதாயத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கை, மக்கள்தொகையில் நமக்குள்ள விகிதத்தைக் காட்டிலும் மிகுந்திருந்தது என்பதைக் கனத்த நெஞ்சோடு குறிப்பிட வேண்டியுள்ளது.

காரணம் என்ன? அம்மருந்து பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் மருந்து என்றொரு வதந்தி மொராதாபாத் முதலிய மேற்கு மாவட்டங்களில் வீடுவீடாகப் பரவியிருந்தது. வதந்தி பொய்தான். ஆனால் அது வேர்விட்ட மண் பொய்யன்று. 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் காலத்தில் கட்டாயக் கருத்தடைக்கு ஆளான மக்களின் நினைவில் அச்சம் அகலாமல் இருந்தது. மேலும், அம்மக்கள் ஒரு நியாயமான கேள்வியையும் எழுப்பினார்கள்: 'எங்கள் தெருவில் சாக்கடை தேங்கிக் கிடக்கின்றது, குடிநீர் சுத்தமில்லை, பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால் பார்ப்பாரில்லை. இந்த ஒரு சொட்டு மருந்தை மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வாசலுக்கே கொண்டுவருகின்றீர்கள்?' மருந்து ஏற்ற வீட்டுக் கதவில் ஆங்கில எழுத்து 'பி' என்றும், ஏற்காத வீட்டில் 'எக்ஸ்' என்றும் சுண்ணக்கட்டியால் குறியிட்டுச் சென்றார்கள் ஊழியர்கள். 'எக்ஸ்' என்ற அந்தக் குறிக்குப் பின்னால் இருந்தது அறியாமை மட்டுமன்று. பதிலளிக்கப்படாத கேள்வி ஒன்றும் இருந்தது.

அதன் பிறகுதான் வழி மாறியது. ரோட்டரியின் இந்தியப் போலியோ குழு உத்தரப் பிரதேசத்தில் ஆலிம்களைக் கொண்ட குழு ஒன்றை அமைத்து, அவர்களிடம் ஐயங்களைக் கேட்டது. மருத்துவர்கள் விளக்கம் அளித்தனர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமிஆ மில்லிய்யாவும் துணை நின்றன. பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகளில் சொட்டு மருந்து நாள் அறிவிக்கப்பட்டது. சொட்டு மருந்தோடு பொது மருத்துவ முகாம்களும் நடத்தப்பட்டன. வயிற்றுப்போக்குக்கும் சுத்தமான நீருக்கும் சேர்த்தே திட்டம் தீட்டப்பட்டது. 2009ஆம் ஆண்டில் 741ஆக இருந்த எண்ணிக்கை 2010இல் 42ஆகக் குறைந்தது. 2011ஆம் ஆண்டு ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் நோய் கண்ட ஒரு சிறு பெண் குழந்தையே காட்டு வகைப் போலியோவுக்கு இந்நாட்டில் ஆளான கடைசிக் குழந்தை. 2014ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதெனச் சான்று பெற்றது.

இத்தகைய வெற்றிக்குத் திறமான தடுப்பு மருந்தும், ஓயாத கண்காணிப்பும், இலட்சக்கணக்கான ஊழியர்களின் கால் நடையும் காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கதவு திறந்தால்தானே மருந்து உள்ளே செல்லும்? கதவைத் திறந்தது நம்பிக்கை. அந்நம்பிக்கை, மக்களின் வாயிலிருந்து கேள்வியைக் கேட்ட பின்னரே பிறந்தது. கேட்பதற்கு ஆன காலதாமதத்தின் விலையை இன்றும் ஊன்றுகோலுடன் நடக்கும் இளைஞர்கள் செலுத்திக்கொண்டிருக்கின்றனர்.

நமது பட்டியலுக்கு வருவோம்

பெரும்பணியிலிருந்து பெற்ற பாடத்தை நம் ஊர்ச் சிறுபணிகளோடு பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, நோட்டுப் புத்தகம். தமிழகத்தின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டுப் புத்தகம், சீருடை, பை, காலணி ஆகியவற்றை அரசே விலையின்றி வழங்குகின்றது. நாமும் அதையே கொடுத்தால் அப்பிள்ளை வேண்டாமென்று சொல்லாது, நன்றியுடன் வாங்கிக்கொள்ளும். ஆனால் அதன் உண்மைத் தேவை அப்படியே நிற்கும். தலைமையாசிரியரிடம் சென்று, 'உங்கள் பள்ளியில் இல்லாதது எது? எதற்காகப் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகின்றனர்?' என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று அவர் கூறக்கூடும். மாலை நேரத்தில் பாடம் சொல்லித்தர ஆளில்லை என்று கூறக்கூடும். விடை எதுவாயினும் அதுவே திட்டமாகட்டும்.

இரண்டாவது, இரத்த தானம். ஒரே நாளில் நூறு பேரைக் கூட்டி இரத்தம் கொடுக்கச் செய்வது பெருமைக்குரியதே. ஆயினும் முழு இரத்தத்தைப் பொதுவாக 35 நாட்கள் வரையே பாதுகாக்க இயலும்; தட்டணுக்களோ 5 நாட்களுக்கு மேல் தாங்கா. இரத்தம் கொடுத்த ஆண் மீண்டும் கொடுக்க 90 நாட்களும், பெண் 120 நாட்களும் காத்திருக்க வேண்டும். நூறு பேரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால், இரண்டு மாதம் கழித்து விபத்தில் சிக்கி வருபவருக்குக் கொடுக்க யார் மிஞ்சுவார்? ஆகவே இரத்த வங்கி மருத்துவரைக் கேளுங்கள்: எந்த மாதத்தில் இருப்பு குறைகின்றது? கல்லூரிகள் மூடிக்கிடக்கும் கோடையிலும், நம்மவர் பகலில் கொடுக்கத் தயங்கும் நோன்பு மாதத்திலும் பற்றாக்குறை நேராதவாறு, நூறு பேரை நான்கு பிரிவாகப் பகுத்து ஆண்டு முழுதும் பரப்பி வையுங்கள். 18 முதல் 65 வயது வரையுள்ள, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் வாய்ந்த நம் ஜமாஅத் இளைஞர்களின் பட்டியலை இரத்தப் பிரிவு வாரியாகத் தொகுத்துத் தர நாம் ஏற்பாடு செய்கின்றோம், இன்ஷா அல்லாஹ்.

மூன்றாவது, கண் சிகிச்சை முகாம். இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர்தோறும் முகாம் நடத்தும் முறையைச் செம்மைப்படுத்தியது. மருத்துவரும் கருவிகளும் அறுவை சிகிச்சையும் மருத்துவமனையின் பொறுப்பு. இடம், விளம்பரம், மக்களைத் திரட்டுதல் முதலியன ஊர்ச் சங்கங்களின் பொறுப்பு. கண்புரை உள்ளவர்கள் மருத்துவமனைக்கே அழைத்துச் செல்லப்பட்டு, சிகிச்சைக்குப் பின் ஊர் திரும்புகின்றனர். மருத்துவம் இலவசம் என்று அறிவித்துவிட்டால் மட்டும் முதியோர் வந்துவிடுவதில்லை. போய்வரப் பேருந்துக் கட்டணம் வேண்டும். அங்கே உணவு வேண்டும். உடன் செல்ல ஆள் வேண்டும். 'உள்ள பார்வையும் போய்விடுமோ' என்ற அச்சம் நீங்க வேண்டும்.

ஆகையால் முகாமை ஒரு நாள் நிகழ்ச்சியாகக் கருதாமல் மூன்று கட்டங்களாகத் திட்டமிடுங்கள். முகாமுக்கு ஒரு மாதம் முன்பே தெருத்தெருவாகச் சென்று, பார்வை மங்கியவர்களின் பெயரை எழுதி, வரத் தயங்குவோரிடம் காரணம் கேளுங்கள். முகாம் நாளில் வாகனமும் உணவும் உடன் செல்வோரும் ஆயத்தமாக இருக்கட்டும். ஏற்கெனவே சிகிச்சை பெற்றுப் பார்வை மீண்ட ஒரு முதியவரை அழைத்து வந்து பேசச் செய்யுங்கள். நமது பத்துச் சொற்பொழிவுகளைக் காட்டிலும் அவருடைய ஒரு சொல் அச்சத்தைப் போக்கும். முகாம் முடிந்த பின், மறு பரிசோதனைக்கு வராதவரின் வீட்டைத் தேடிச் செல்லுங்கள். சொட்டு மருந்து இடாமல் கண் சிவந்து கிடக்கும் மூதாட்டியைக் கண்டறிவது அந்த மூன்றாம் கட்டத்தில்தான். அறிக்கையில் 'முகாமுக்கு வந்தோர்' எத்தனை பேர் என்று மட்டும் எழுதாமல், 'பார்வை பெற்றோர்' எத்தனை பேர் என்றும் எழுதுங்கள்.

பொதுப்பணம் அமானிதம்

இறுதியாக நிதியைப் பற்றிக் கூற வேண்டும். அதிர்ஷ்டக் குலுக்கல் குறித்து நாம் ஒளிவுமறைவின்றிப் பேசுவதை நீங்கள் பொறுத்தருள வேண்டும். பரிசு விழுமா விழாதா என்று பணம் கட்டுவது நம் மார்க்கத்தில் தடுக்கப்பட்டதாகும். எனவே நம் ஜமாஅத்தார் அந்தச் சீட்டை வாங்க இயலாது. 2003ஆம் ஆண்டு தமிழக அரசு லாட்டரிச் சீட்டு விற்பனையையே தடை செய்ததையும், அதற்கு முன் எத்தனை கூலித் தொழிலாளர் குடும்பங்கள் அதனால் நலிந்தன என்பதையும் இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். மார்க்கத்தை ஒருபுறம் வைத்துப் பார்த்தாலும், மோட்டார் சைக்கிளை எண்ணிச் சீட்டு வாங்கியவர், பரிசு விழாத மறுநாளே சங்கத்தை மறந்துவிடுவார். முதியவரின் கண்ணை எண்ணிக் கொடுத்தவரோ, 'அவருக்குப் பார்வை வந்ததா?' என்று வந்து கேட்பார். நமக்கு வேண்டியவர் இரண்டாமவரே.

மாற்று வழி என்ன என்று கேட்பீர்கள். செலவைக் கூறுகளாகப் பிரித்து அறிவியுங்கள். வாகனச் செலவு இவ்வளவு, ஒரு வேளை உணவு இவ்வளவு, ஒரு நோயாளிக்கு ஆகும் செலவு இவ்வளவு என்று எழுதி வைத்தால், ஒருவர் வாகனத்தை ஏற்பார். ஒரு குடும்பம் ஒரு வேளை உணவைச் சமைத்துத் தரும். 300 குடும்பங்கள் மாதம் 20 ரூபாய் கொடுத்தால் ஆண்டில் 72,000 ரூபாய் சேரும். சிறு தொகையை எள்ளலாகாது. இன்று உலகெங்கும் பணியாற்றும் ரோட்டரி அறக்கட்டளையின் மூல நிதிக்கு 1918இல் வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட் மட்டுமே.

திரட்டிய பணத்தைக் காப்பது, திரட்டுவதைக் காட்டிலும் கடினம். பொதுமக்களிடம் திரட்டிய பணத்தைச் சங்கத்தின் நிர்வாகச் செலவுக்கு எடுக்கலாகாது என்பது லயன்ஸ் சங்கங்களின் விதி. உறுப்பினர் சந்தா ஒரு கணக்கு. மக்கள் கொடுத்தது வேறு கணக்கு. கூட்டத்திற்கான தேநீரும், பதவியேற்பு விழாவின் சால்வையும் சந்தாவிலிருந்து வர வேண்டுமேயன்றி, கண் முகாமுக்கென்று ஒரு விதவைத் தாய் கொடுத்த பத்து ரூபாயிலிருந்து வரலாகாது. அது நம் கையில் உள்ள அமானிதம். எந்தப் பணிக்கென்று வாங்கினோமோ அந்தப் பணிக்கே செலவிட வேண்டும். மிஞ்சினால் கொடுத்தவர்களுக்கு அறிவித்த பின்னரே வேறு பணிக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு தொகைக்கும் ரசீதும், வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பமும், ஆண்டு முடிவில் தணிக்கையும் இருக்கட்டும். வரவு செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நமது பள்ளிவாசலின் பலகையிலும் அதற்கு இடம் தருகின்றோம்.

ஆண்டு முடியும், பணி முடியாது

சேவைச் சங்கங்களின் சிறப்பு, ஆண்டுதோறும் தலைவர் மாறுவது. யாரும் நாற்காலியில் நிலைத்துவிடுவதில்லை. குறையும் அதுவே. ஒருவர் தொடங்கிய குடிநீர்த் தொட்டி, அடுத்தவர் காலத்தில் குழாய் உடைந்து நிற்கும். கல்வெட்டு மட்டும் நிலைத்திருக்கும். ஆகவே இவ்வாண்டுத் தலைவரும் அடுத்த ஆண்டுத் தலைவரும் ஒன்றாக அமர்ந்து திட்டம் தீட்டுங்கள். புதிய பணி ஒன்றைச் சேர்க்குமுன், பழைய பணி எந்நிலையில் உள்ளது என்று ஒரு முறை சென்று பாருங்கள். போலியோ ஒழிப்பைத் தொடங்கிய தலைமுறை அதன் முடிவைக் காணவில்லை. இன்றும் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ஆகிய இரு நாடுகளில் காட்டு வகைக் கிருமி வேரறாமல் உள்ளது. பணியும் நிற்காமல் தொடர்கின்றது.

சகோதரர்களே! இச்சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் பல சமயத்தவர் உள்ளனர். கண்புரையும் விபத்தும் வீடு பார்த்து, சமயம் பார்த்து வருவதில்லை. நம் ஜமாஅத்தார் இச்சங்கத்தின் பணிகளில் நன்கொடையாளர்களாக மட்டுமன்றி, வீடுவீடாகச் சென்று கேட்டறியும் தொண்டர்களாகவும் இணைய வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம். முகாமுக்கு முந்தைய கணக்கெடுப்புக்குப் பத்து இளைஞர்களும், பெண்களிடம் பேசுவதற்கு நம் சகோதரிகள் ஐவரும் முன்வந்தால், நம் மஹல்லாவின் எல்லாத் தெருக்களையும் இரண்டு வெள்ளிக்கிழமைகளுக்குள் முடித்துவிடலாம். பெயர் கொடுக்க விரும்புவோர் ஜமாஅத் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.